பேச்சிப்பாறைக்கு மேலே: மோதிரமலை, குற்றியாறு மலையூர்களுக்கு ஒரு நாள் போய்வர முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அணைமேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திற்பரப்பு அருவிக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். 'கோதையாறு' என்று பலகை மாட்டிய பஸ் மட்டும் அங்கிருந்து மேலே ஏறும். அந்த பஸ் போகிற வழியில் இருப்பவைதான் மோதிரமலையும் குற்றியாறும். சுற்றுலாப் பட்டியல்களில் இவற்றின் பெயரைப் பார்ப்பது அபூர்வம். காட்சிமுனை, நுழைவுச்சீட்டு, ஓட்டல் எதுவும் கிடையாது. ரப்பர் மரங்கள், நிழல்மரங்களில் படர்ந்த நல்லமிளகுக் கொடி, மரச்சீனி (மரவள்ளி), வாழை, கமுகு, அரசு ரப்பர் கழகத்தின் தொழிலாளர் குடியிருப்புகள், உள்ளே பிரியும் பாதைகளில் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள், இவ்வளவுதான். கொடைக்கானலை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிவிடுவார்.

இந்த ஊர்களின் ஒரு நாள் இரண்டு கடிகாரங்களில் ஓடுகிறது. ஒன்று ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நேரம், மற்றொன்று பஸ் நேரம். மழை வந்தால் இரண்டும் குலையும். போகிறவர்கள் சிரமப்படுவது பெரும்பாலும் தங்கள் வசதிக்கு ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு கிளம்புவதால்தான். பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவருக்கு ஆளில்லாத தோட்டமும் மூடிய கடையும் மட்டுமே கிடைக்கும். காலை வேலை முடித்தவர்கள் அந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எந்த மாதம்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் முதல் பாதிவரை வடகிழக்குப் பருவமழை. இவை போதாதென்று ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடிமழை. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும், மூன்றரைக்கு ஓடைகள் எல்லாம் சிவந்து ஓடும்.

எங்கள் கணக்கில் டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் முதல் தரம். மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் குறையாது, பால் வெட்டு முழு மூச்சில் நடக்கும், நல்லமிளகு பறிப்பும் இருக்கும். ஜனவரி கடைசியில் ரப்பர் இலை சிவந்து கொட்டத் தொடங்கும். புதுத்துளிர் விடுகிற பிப்ரவரி, மார்ச்சில் பல தோட்டங்களில் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். ரப்பர் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டு அந்த இரண்டு மாதங்களில் போனால் ஏமாற்றம்தான். தேனுக்காகப் போகிறவர்களுக்கோ அதுதான் சரியான காலம். ரப்பரின் இளந்துளிர்களில், மூன்று இலைகளும் காம்போடு சேருமிடத்தில், சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. குமரி மாவட்டத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மரங்களுக்கடியில் வரிசையாகத் தேனீப்பெட்டிகள் இருந்தால் எட்டி நின்றே பாருங்கள். பெட்டியின் வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். தேனீயின் போக்குவரத்துப் பாதையை மறித்தால் கொட்டு நிச்சயம்.

சக்கை (பலா) பழுக்கும் காலத்தில் ஊர் வாசமாக இருக்கும். அந்த வாசம் ஆனைக்கும் எட்டும் என்பதை மறக்க வேண்டாம். ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் முதல்முறை போகிறவர்கள் போகாமல் இருப்பதே நல்லது.

முந்தின நாள் மாலை செய்ய வேண்டியது

குமரி மாவட்டச் செய்திப் பக்கங்களில் மழைக்காலத்தில் தினமும் ஒரு பட்டியல் வரும்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, பாலமோர், புத்தன் அணை, சுருளோடு, திற்பரப்பு என்று இடவாரியாக மழை அளவும், அணைகளின் நீர்மட்டமும். இந்தப் பயணத்துக்கு அதில் மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலில் பாலமோர், பேச்சிப்பாறை மழை அளவு. இரண்டில் ஒன்று 50 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இது அரசு விதி அல்ல, நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஏற்கெனவே ஊறிய மலையில் அடுத்த மழை மண்ணுக்குள் இறங்காது, நேராகச் சப்பாத்துக்குத்தான், அதாவது ரோட்டுத் தரைப்பாலத்துக்குத்தான், வரும்.

அடுத்தது பேச்சிப்பாறை நீர்மட்டம். முழுக் கொள்ளளவு 48 அடி. நாற்பதுகளில் ஏறி, உபரிநீர் திறக்கும் பேச்சு வந்துவிட்டால் கீழே கோதையாற்றங்கரையும் திற்பரப்பும் அன்றைக்கு உங்களுக்கு இல்லை. மூன்றாவதாக, திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தடை இருந்தால் மேலே தண்ணீர் வரத்து உண்டு என்று அர்த்தம். மலையூர்ச் சப்பாத்துகளைப் பற்றிச் செய்தி வராவிட்டாலும் திற்பரப்புச் செய்தி வந்துவிடும்.

அனுமதி

ரோட்டோர ஊர்களுக்குப் பொது பஸ் போகிறது. அதில் போய் இறங்கி, ரோட்டிலும் கடைத்தெருவிலும் நடமாடுவதும், தோட்டக்காரர் கூப்பிட்டால் அவர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) போவதும் ஒரு வகை. ரோட்டைவிட்டுக் காட்டுக்குள் கால் வைப்பது வேறு வகை. இந்த மலையின் பெரும்பகுதி 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தில் வருகிறது. பரப்பு ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர். அனுமதியின்றி நுழைவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காணிக்குடியிருப்புகளில் பல இந்தக் காட்டுக்குள்தான் இருக்கின்றன. அங்கே போக வேண்டுமானால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் காரணத்தைச் சொல்லி, எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். கடைசி நிமிடத்தில் செக்போஸ்டில் பேசிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். அங்கே நிற்கும் காவலருக்கு அந்த அதிகாரம் இல்லை.

முத்துக்குழிவயலும் மேல்கோதையாறும் இந்தக் கணக்கிலேயே சேராது. 'பக்கத்தில்தான்' என்று யாராவது சொன்னாலும் போக வேண்டாம். 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் ஆனையைக் கொண்டுபோய் விட்டது அந்த மேட்டுக்காட்டில்தான்.

போகும் வழி

குலசேகரம்தான் வாசல். நாகர்கோவிலில் ரயில் இறங்குகிறவர்கள் வடசேரி பஸ் நிலையத்துக்கு வந்து, தக்கலை வழியாகக் குலசேகரம் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. திருவனந்தபுரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் குழித்துறை ரயில் நிலையமும் மார்த்தாண்டம் பஸ் நிலையமும் வசதி. அங்கிருந்தும் குலசேகரத்துக்கு அடிக்கடி வண்டி உண்டு.

முந்தின இரவே குலசேகரம், திற்பரப்பு, தக்கலை, மார்த்தாண்டம் இவற்றில் ஓரிடத்தில் தங்கிவிடுங்கள். மேலே தங்க விடுதி கிடையாது. 'எங்கேயாவது படுத்துக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தோடு கடைசி பஸ்ஸில் ஏறுவது ஊர்க்காரர்கள் தலையில் சுமையை ஏற்றுவது.

பஸ் நேரத்தை இணையத்தில் தேடாதீர்கள்; பள்ளி விடுமுறை, ரோடு வேலை, மழை என்று மாறிக்கொண்டே இருக்கும். குலசேகரம் பஸ் நிலையத்தில் முந்தின நாளே மூன்று கேள்விகள் கேளுங்கள்: கோதையாறுக்குக் காலை முதல் வண்டி எத்தனை மணிக்கு? திரும்புகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அதற்கு முந்தின வண்டி எத்தனை மணிக்கு? மூன்றாவதுதான் உங்கள் வண்டி. கடைசி வண்டியை நம்பி நாளை வகுக்காதீர்கள். அது ஒருநாள் வராமல் போனால் ஊர்க்காரர் வீட்டுக்கு நடப்பார், நீங்கள் எங்கே நடப்பீர்கள்? ஏறியதும் கண்டக்டரிடம் எங்கே இறங்குகிறீர்கள், எந்த வண்டியில் திரும்புகிறீர்கள் என்று சொல்லிவையுங்கள். பல நாட்களில் அதே வண்டிதான் திரும்பி வரும். உங்களைக் காணாவிட்டால் ஒரு நிமிடம் ஹார்ன் அடித்துப் பார்ப்பார்கள்.

பைக்கில் போகிறவர்கள் குலசேகரத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ரோடு குறுகல், வளைவுகளில் எதிர்வண்டி தெரியாது. ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான். நிழல் விழுகிற வளைவுகளில் தாரின் மேல் மெல்லிய பாசி படியும். அதன்மேல் நனைந்த ரப்பர் இலை கிடந்தால் முன் பிரேக் பிடித்த மறுகணம் தரையில் இருப்பீர்கள். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டுவிட்டுத் தொடுங்கள். காரில் போவதானால் பஸ் வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அதன் எதிரே மாட்டாதபடி கிளம்புங்கள். ஒதுங்க இடமில்லாத பகுதிகளில் பின்னால் வரவேண்டியது நீங்கள்தான்.

பையில்

பழைய முழுக்கைச் சட்டை, பழைய பேன்ட். 'பழைய' என்பதை அழுத்திச் சொல்கிறோம்: ரப்பர் பால் துணியில் காய்ந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது, கறுத்த கறையாக நிரந்தரமாகிவிடும். முழங்கால்வரை வரும் சாக்ஸ், பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. சிறிய துணிப்பொட்டலத்தில் கல்லுப்பு. மழை இல்லாத நாளிலும் குடை. ஒன்றரை லிட்டர் தண்ணீர். டார்ச். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக ஐந்நூறு ரூபாய். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஜிபே வேலை செய்யும் என்று நம்பி டீ குடிக்காதீர்கள். வரைபடத்தைச் செல்போனில் முன்பே இறக்கிவையுங்கள். பிளாஸ்டிக் கொண்டுபோனால் அதே எண்ணிக்கையில் திருப்பிக் கொண்டுவாருங்கள். மது வேண்டாம்; பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பீடி, சிகரெட்டும் வேண்டாம். அப்போது கீழே கிடக்கும் ரப்பர் சருகு காகிதம்போலப் பற்றும்.

ரப்பர் தோட்டத்தில்

வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு நாலு, ஐந்து மணிக்கே மரத்தடிக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக இறங்கும். அந்த இருட்டில் நீங்கள் மேலே போகவேண்டியதில்லை. ஆனை நடமாடுகிற நேரமும் அதுதான். முதல் பஸ்ஸில் போய் இறங்கினால் வெட்டின் கடைசிப் பகுதியும், அதைவிட முக்கியமாகப் பால் எடுப்பும் கிடைக்கும்.

ஒரு மரத்தின் முன்னால் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். வெட்டுக்கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் இறங்கும். பால்குழல்கள் பட்டைக்குள் நேர் செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இந்தச் சாய்வில் வெட்டினால் அதிகக் குழல்கள் திறக்கும். வெட்டுக்காரர் முதலில் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் நூலை உரித்துக் கூடையில் போடுவார். அதுதான் ஒட்டுப்பால், அதற்கும் விலை உண்டு. பிறகு கத்தியைக் கோட்டின்மேல் சீராக இழுப்பார், மிக மெல்லிய சீவல் விழும். கொஞ்சம் ஆழம் கூடினால் உள்ளே மரத்தில் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டுமுடிச்சாக வளரும், பல ஆண்டு கழித்து அதே இடத்துக்கு வெட்டு திரும்பி வரும்போது கத்தி ஓடாது. பழைய மரங்களில் அப்படி முண்டு கட்டிய பட்டையைப் பார்த்தால் எப்போதோ ஒரு கை தவறியிருக்கிறது என்று பொருள். சீவியதும் வெள்ளைப் புள்ளிகள் கோடாகச் சேர்ந்து, தகரத் தூம்பு வழியாகச் சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) சொட்டும். இப்போது பிளாஸ்டிக் கிண்ணம் வந்துவிட்டாலும் பெயர் சிரட்டைதான்.

ஒருவர் ஒரு காலையில் முந்நூறு, நானூறு மரம் வெட்டுவார். ஒரு மரத்துக்கு அரை நிமிடமும் கிடையாது. ஆகவே வெட்டும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒன்பது, பத்து மணிக்கு வாளியோடு பால் எடுக்கத் திரும்பி வரும்போது "வெட்டு முடிஞ்சாண்ணே?" என்று கேட்டால் நின்று பேசுவார். பெண்களும் வெட்டுகிறார்கள், அவர்களிடம் 'அக்கா'. முதியவர்களை 'பாட்டா' என்றால் முகம் மலரும். சிரட்டையைத் தொடாதீர்கள், வெட்டுக்கோட்டில் விரல் வைக்காதீர்கள், 'சும்மா ஞாபகத்துக்கு' என்று ஒட்டுப்பாலை உரித்து எடுக்காதீர்கள். அது அவர் கூலி.

எடுத்த பால் எங்கே போகிறது என்பது தோட்டத்தைப் பொறுத்தது. சிறு விளைக்காரர் வீட்டில் ஷீட் அடிப்பதைப் பார்க்கலாம். பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, ரப்பர் பங்கு எட்டில் ஒன்று இருக்கும்படி நீர்க்கவைத்து, தட்டுக்கு 4 லிட்டர் வீதம் ஊற்றுவார்கள். அதில் அரை சதவீதமாகக் கரைத்த ஃபார்மிக் ஆசிட். மறுநாள் ஷீட் அடிக்கத் தட்டுக்கு 200 மில்லி போதும், அன்றே அடிக்க 300 மில்லி வேண்டும். ஆசிட் கூடினால் ஷீட் விறைக்கும், குறைந்தால் நடுவில் பால் உறையாமல் கொழகொழவென்று நிற்கும். உறைந்த கட்டியை முதலில் வழவழப்பான ரோலரிலும் பிறகு வரி போட்ட ரோலரிலும் விட்டால் அரைக்கிலோ அளவில் ஒரு ஷீட். அதன் வரிகள் அழகுக்காக இல்லை; பரப்பு கூடினால் சீக்கிரம் உலரும். கரைக்காத ஆசிட் கேன் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஒரே வயதுடைய இளமரங்கள் பட்டைபட்டையாக நிற்பதைப் பார்த்தால், 2017 நவம்பர் 30-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஓகிப் புயல் குமரியில் ரப்பரையும் வாழையையும் அடியோடு சாய்த்தது. ரப்பர் வெட்டுக்கு வர ஏழு ஆண்டு வேண்டும். புயலுக்குப் பின் நட்டவை இப்போதுதான் பால் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன.

விளைகளில், வாங்க வேண்டியவை

பதினொரு மணிக்கு மேல் ஊர் ஓய்வுக்குப் போகும். அதற்குமுன் சாயாக்கடையில் உட்காருங்கள். கட்டன்சாயா, புட்டு, பயறு, ஏத்தம்பழ அப்பம் ஆகியவற்றில் எது இருக்கிறதோ அது. சில நாள் அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) கிடைக்கும். கிடைத்தால் வேறெதையும் கேட்காதீர்கள். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும்; கடைக்காரர் ஊர் ஆட்களின் கணக்குக்குத்தான் உலை வைத்திருப்பார்.

விளைகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சரிவில் மரச்சீனிக்குத் தனித்தனிக் குவியலாக மண் கூட்டியிருப்பார்கள். பாத்தி கட்டினால் மழைத் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும், வரப்பு நேராக இருந்தால் மண்ணே இறங்கிவிடும். குவியல்களுக்கிடையே உள்ள வழியில்தான் நடக்க வேண்டும். குவியலை மிதித்தால் கிழங்கு உடையும்.

நல்லமிளகு வாங்குவதானால் ஒரு மணியைப் பல்லால் கடியுங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம், வீட்டில் பூஞ்சை பிடிக்கும். அளவுப் பாத்திரம் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம்: ஒரு லிட்டர் அளவில் அரைக்கிலோவுக்கு மேல் நின்றால் நல்ல கனமான மிளகு, வெகுவாகக் குறைந்தால் பொக்கு (உள்ளீடில்லாத மணி) கலந்திருக்கிறது. மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அதை நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

தேனுக்கு வீட்டுச் சோதனை எதுவும் நம்பத்தக்கதல்ல. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தாளில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவுவது எல்லாம் வீண். ரப்பர்த் தேன் சீக்கிரம் சர்க்கரையாக உறையும், அது கலப்படத்தின் அடையாளம் இல்லை. பார்க்க வேண்டியது நுரை. மூடியைத் திறந்ததும் நுரைத்துப் புளித்த வாடை வந்தால், அடையைத் தேனீ மூடுவதற்கு முன்பே பிழிந்த தேன். நாளாக நாளாகக் கெடும்.

மட்டிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி இதுதான். சிறியது, மணம் தூக்கலாக இருக்கும், குமரியில் கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழம். பையின் மேல்பக்கம் வையுங்கள்.

மரச்சீனிதான் வாங்கியவரைப் பழிவாங்கும் பொருள். பிடுங்கிய இரண்டு, மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்பு நரம்பு ஓடிவிடும், பிறகு கசக்கும். தண்டோடு ஒரு சாண் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள், கொஞ்சம் தாங்கும். ஊர் போக நாளாகும் என்றால் வாங்கவே வேண்டாம். கன்று வேண்டுவோர் இறங்கும் வழியில் பேச்சிப்பாறையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். பிபிஐ 1 என்ற பலா அங்கே வந்ததுதான். கிராம்பைத் தேடி இந்த மலைக்கு வராதீர்கள். அது கீரிப்பாறைக்கு மேலே மாறாமலைப் பக்கத்துச் சரக்கு, அங்கே இருப்பவை தனியார் எஸ்டேட்டுகள்.

காணிக்குடியிருப்புகள்

தச்சமலை, தோட்டமலை, களப்பாறை என்று இந்த வட்டாரத்தில் பல உண்டு. அணைத் தண்ணீருக்கு அக்கரையில் இருப்பவற்றுக்குப் போக்குவரத்தே படகுதான். அது பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற படகு, உல்லாசச் சவாரி அல்ல. வன அனுமதி இருந்தாலும் நேரே வீட்டு முற்றத்துக்குப் போகக்கூடாது. குடியிருப்புக்கு ஒரு மூட்டுக்காணி (தலைவர்) இருப்பார், முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள். சாவோ சடங்கோ இருக்கும். ஆட்களைப் படம் எடுக்க வாயால் கேட்டு, வாயால் சம்மதம் வாங்க வேண்டும். பச்சிலை மருந்து கேட்டு நச்சரிப்பதும், பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் நீட்டுவதும் இரண்டு பெருந்தவறுகள். ஏதாவது செய்ய ஆசை இருந்தால் அவர்கள் விளைச்சலை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள்.

ஆறு, அட்டை, ஆனை

ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் காரணம் தெரிந்தால்தான் கேட்பீர்கள். மேலே கோதையாறு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. உற்பத்திக்குத் தண்ணீர் விட்டால் கீழே ஆறு, மழையே இல்லாமல், வெயிலடிக்கும்போதே ஏறும். பாறையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கரைக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் வந்தபிறகுதான் தெரியும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகுகள் கூட்டமாக மிதந்து வந்தாலும் அந்த நிமிடமே கரையேறுங்கள். மோதிரமலைக்கும் குற்றியாறுக்கும் இடையே உள்ள தரைப்பாலம் பலத்த மழையில் மூழ்குவது ஆண்டுதோறும் செய்தியில் வருவது. மேலே ஓடும் நீரில் பாலத்தின் விளிம்பு தெரியவில்லையென்றால் எந்த வண்டியும் இறங்கக்கூடாது. பைக்குக்கு முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரே போதும், இழுத்துவிடும். பெரும்பாலும் மழை விட்டுச் சில மணி நேரத்தில் வடியும். காத்திருப்பதுதான் வழி.

அட்டை ஈரமுள்ள மாதங்களில் எங்கும் உண்டு. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, உப்புப் பொட்டலத்தை நனைத்துச் சாக்ஸின்மேல் தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் வடிந்துகொண்டேயிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

ஆனைக்குக் காலை ஆறுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் ரோட்டை விட்டுக்கொடுங்கள். ஆவி பறக்கும் ஆனைப் பிண்டம் (சாணம்), புதிதாக ஒடித்த வாழை, மூங்கில் கிளை, ஊர் நாய்கள் ஒரே திசையைப் பார்த்துக் குரைப்பது, இவை அறிகுறி. எதிரே நின்றால் ஹார்ன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, மெதுவாகப் பின்னால் எடுங்கள். பஸ் நின்றிருந்தால் அதன் பின்னாலேயே நில்லுங்கள், முந்தாதீர்கள். 2023-ல் சிற்றாறு ரப்பர் குடியிருப்பு, பத்துகாணிப் பக்கம் ஆடு மாடுகளை அடித்த புலியை ஜூலையில்தான் பிடித்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் 'அந்தப் பக்கம் போகாதீங்க' என்றால் அது உபசார வார்த்தை இல்லை.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை எல்லாம் நேர விரயம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் கிடைத்த வண்டியில் குலசேகரத்துக்கு இறக்குங்கள், அங்கிருந்து தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள்.

இறங்கும்போது

இரண்டு மணிக்கு மலை கறுத்தால், பார்க்க வேண்டியது பாக்கி இருந்தாலும், வருகிற முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். வழியில் அணையருகே இறங்க நேரம் இருந்தால் மிஞ்சின் துரையின் கல்லறையைப் பாருங்கள்; 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த இந்த அணையைக் கட்டிய எஞ்சினீயர் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார்.

குலசேகரத்தில் இறங்கியதும் சாக்ஸைக் கழற்றி உள்ளும் புறமும் உதறுங்கள். ஒரு அட்டையாவது ஒளிந்திருக்கும். மரச்சீனி வாங்கியிருந்தால் அன்று இரவோ மறுநாள் காலையோ அவித்துவிடுங்கள்: தோலும் உள்தோலும் சீவி, நடு நாரை எடுத்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு வேகவிடுங்கள். கசப்பும் நஞ்சும் அந்த முதல் தண்ணீரோடு போய்விடும்.